ஆறு கோடு கூடின கன்னம்

"ஊர்ல எல்லாரும் தண்ணியில வேல செய்றாங்க, எங்க மாப்ள மட்டும் கரண்டுல வேல செய்றாரு." இது எங்களோடு இருக்கிற என் மாமியார் வாக்கு. கரண்ட் போய்விட்டால், "இன்னிக்கு மாப்ளைக்குக் காத்து சரியில்ல போல" என்பார். மீன் கூடையை இறக்கி வைத்து இடுப்பைப் பிடித்துக்கொண்டே சொல்லுவார். அதனால் எனக்குக் கோபம் வராது.

அவர் சொல்வதில் தப்பு ஒன்றும் இல்லை. பழவேற்காடு ஏரிக்கரையில் மீனவன் வீட்டில் பிறந்து, படகில் கால் வைத்தால் வாந்தி எடுக்கிற பிள்ளை நான். என் நைனா நாலு தரம் கூட்டிக்கொண்டு போய்ப் பார்த்தார். அஞ்சாவது தரம், "நீ கரையிலயே இர்றா. மீனுக்குத் தீனி போட எனக்குத் தனியா ஆள் வேணாம்" என்று இறக்கி விட்டுவிட்டார். பத்தாவது பாஸ் பண்ணினேன். மீஞ்சூர் பக்கம் ஒரு தொழிற்சாலையில் ரெண்டு வருஷம் பெட்டி அடுக்கினேன். அப்புறம் பொன்னேரியில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் ஆறு மாசம் படித்தேன். இப்போது வீட்டில் உட்கார்ந்து சோபா செய்கிறேன்.

மரத்தில் இல்லை, கம்ப்யூட்டரில். செல்போனில் சாமான் வாங்கும்போது ஒரு நாற்காலியை விரலால் சுற்றிச் சுற்றிப் பார்க்கிறீர்களே, அந்த உருவத்தை யாரோ ஒருத்தன் உட்கார்ந்து செய்திருக்கிறான். அந்த யாரோ ஒருத்தன்தான் நான். சோபா, குழாய், மிக்ஸி, செருப்பு. சென்னையில் ஒரு கம்பெனி போட்டோ அனுப்பும், நான் உருவம் செய்து அனுப்புவேன்.

திரையில் எதைச் செய்தாலும் முதலில் வலைதான் போட வேண்டும். கண்ணி கண்ணியாக, ஒவ்வொரு கண்ணிக்கும் நாலு பக்கம். ஒவ்வொரு முடிச்சிலும் நாலு கோடு வந்து கூட வேண்டும். பார்க்கிறதுக்குக் கட்டம் கட்டமாக, மூலை மூலையாகத்தான் இருக்கும். வலை முடிந்ததும் ஒரு பொத்தானை அழுத்தினால் ஒவ்வொரு கண்ணியும் நாலாகப் பிரியும், அந்த நாலும் பதினாறாகும், மூலையெல்லாம் மழுங்கி, வலை மறைந்து தோலாகிவிடும். இதற்கு சப்டிவிஷன் என்று பெயர். வலை ஒழுங்காக இருந்தால் தோல் வெண்ணெய் மாதிரி வரும். ஒரு முடிச்சில் அஞ்சு கோடு கூடினால் கண்ணுக்குத் தெரியாத இடமாகப் பார்த்துத் தள்ளிவிடலாம். ஆறு கூடினால் தோல் அங்கே இழுத்துப் பிடிக்கும், ஊக்கு குத்தின இடத்தில் புடவை சுருங்குகிற மாதிரி. சென்னைக்காரர்கள் பளபளப்பு ஏற்றிப் பார்த்து அதை மட்டும் கண்டுபிடித்துவிடுவார்கள். ஒரு சோபாவின் கைப்பிடியில் ஆறு கோடு கூடினதற்காக அதை மூன்று தரம் திருப்பி அனுப்பினார்கள். உட்காருகிறவன் யாரும் அதைப் பார்க்கப்போவதில்லை. உட்காரவே முடியாத சோபா அது. ஆனாலும் தொழில் தொழில்தானே.

நான் சாமி கும்பிடாமல் எதையும் தொடங்கமாட்டேன். சோபாவாக இருந்தாலும் சரி, கக்கூஸ் குழாயாக இருந்தாலும் சரி, கம்ப்யூட்டருக்கு ஊதுபத்தி காட்டி, ஊர் அம்மனை நினைத்துவிட்டுத்தான் முதல் கண்ணி போடுவேன். வெள்ளிக்கிழமையில் எந்த ஃபைலையும் அழிக்கமாட்டேன். என் மனைவிக்கு இதில் சிரிப்பு. "செருப்பு செய்றதுக்கு சாமி கும்புட்ட ஆளு ஒலகத்துலயே நீ ஒருத்தன்தான் மாமா" என்பாள்.

எங்கள் அம்மன் கல். சின்ன முகம், முழங்கை உயரம் கூட இருக்காது. எண்ணெயும் மஞ்சளும் உப்புக்காற்றும் சேர்ந்து மூக்கும் முழியும் தேய்ந்துபோய், பூசாரி மை தீட்டினால்தான் கண் எது என்று தெரியும். சிரித்த முகம் இல்லை. எல்லையில் நிற்கிறவள். உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு, யாருடா அது என்று கேட்கிற முகம். அதற்குப் பயந்துதான் ஊரே ஒழுங்காக இருக்கிறது என்று ஊர்த் தலைவர் சொல்லுவார். ஊர் ஒழுங்காக இருக்கிறது என்பதை அவர் மட்டும்தான் சொல்லுவார்.

இப்படி இருக்கும்போது ஏரிக்கு அந்தப் பக்கத்து ஊரில் அம்மனுக்கு வெள்ளியில் முகக் கவசம் செய்து சாத்திவிட்டார்கள். அது போதாதா? "அக்கரை ஆத்தா வெள்ளியில மின்னுது, நம்ம ஆத்தா கல்லா கெடக்குது" என்று ஆரம்பித்து, ஆடி மாசத் திருவிழாவுக்குள் நமக்கும் கவசம் என்று முடிவானது. பெண்கள் கொலுசைக் கழற்றிக் கொடுத்தார்கள். என் மனைவியும் கொடுத்தாள்.

என் மாமியாரிடம் யாரும் கேட்கவில்லை. அவர் காலில் கொலுசு இல்லை. மாமனார் போன அன்றைக்குக் கழற்றினது, அரிசிப் பானைக்குள் துணியில் சுற்றிக் கிடந்தது. அவராகவே எடுத்து வந்து, கொலுசு வாங்க விரித்திருந்த துண்டில் எல்லார் முன்னாலும் போட்டார். "இத்தன வருசம் அவ முன்னாடி அழுதிருக்கேன். ஒரு நாளாவது மூஞ்சிய மாத்தி இருப்பாளா? வெள்ளி முகத்திலயாவது கொஞ்சம் ஈரம் இருக்கட்டும்" என்றார். அவர் இப்படிப் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தரம். அடுத்த நிமிஷமே என்னைப் பார்த்து, "இன்னா மாப்ள, வாய்ல ஈ போவுது" என்றார்.

நகரத்தில் வெள்ளி வேலை செய்கிற ஆசாரி ஒருவரிடம் வேலையைக் கொடுத்தார்கள். இப்பவெல்லாம் கம்ப்யூட்டரில் உருவம் செய்து, அதைப் பிளாஸ்டிக்கில் அச்சாக எடுத்து, அது மேலேதான் தகடு தட்டுகிறோம், உருவம் செய்ய உங்கள் ஊரில் ஆள் இருந்தால் நல்லது என்று அவர் போனில் சொல்லியிருக்கிறார். கூட்டத்தில் தலைவர் இதைச் சொன்னதும் எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பியது. அதுவரை நான் பொம்மை செய்கிறவன். அந்த நிமிஷத்திலிருந்து நம்ம பிள்ளை.

பூசாரி ஒத்துக்கொள்ளவில்லை. "ஆத்தாவ போன்ல படம் புடிக்கறதா? இன்னா கல்யாண ஆல்பமா?" என்றார். கடைசியில் பூ கட்டிப் பார்த்தார்கள். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம். வெள்ளை வந்தால் சம்மதம். ஒரு சின்னப் பெண் எடுத்தாள், வெள்ளை வந்தது. அதற்குமேல் பூசாரி ஒரு கட்டளை போட்டார்: வேலை முடிகிறவரை நான் மீன் தொடக்கூடாது. மீன் விற்கிற வீட்டில் அந்தக் கட்டளை எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். பக்கத்தில் மடவை மீன் குழம்பு கொதிக்கும். நான் ரசம் குடிப்பேன். "ஆத்தாவுக்காகத்தான மாப்ள, மூக்கப் பொத்திக்கினு சாப்புடு" என்பார் மாமியார்.

ஈர வேட்டியோடு கருவறைக்கு வெளியே நின்று சுற்றிச் சுற்றிப் படம் எடுத்தேன். அதைக் கம்ப்யூட்டரில் போட்டால் ஒரு உருவம் தானாக வரும். ஆனால் லட்சம் முக்கோணம், புயல் அடித்த மறுநாள் கரையில் ஒதுங்கின வலை மாதிரி ஒரே குப்பை. அதன்மேல் நான் புதிதாகக் கண்ணி போட்டேன். கண்ணைச் சுற்றி வட்டம், வாயைச் சுற்றி வட்டம், எல்லாம் நாலு பக்கக் கண்ணி. தொழில் வழக்கப்படி வலது பாதி முகத்தை மட்டும் செய்து, மறு பாதியைக் கண்ணாடி மாதிரி திருப்பிப் போட்டுக்கொண்டேன். மனசில் கொஞ்சம் பெருமை இருந்தது. அம்மன் முகத்தில் என் கை படுகிறது என்ற பக்தியும் இருந்தது. எது எவ்வளவு என்று இன்றைக்கு வரைக்கும் எனக்குத் தெரியவில்லை.

வலை தைக்கிற கொட்டகையில் வைத்து எல்லாருக்கும் காட்டினேன். கேபிள் எட்டவில்லை, லேப்டாப் பேட்டரியில் ஓடியது. முதலில் கட்டம் போட்ட முகத்தைக் காட்டினேன். ஊசியும் கையுமாக உட்கார்ந்திருந்த ஆட்கள் எழுந்து வந்து பார்த்தார்கள்.

"அட, வலைதானப்பா இது!"

"கண்ணி ரொம்ப சிறுசு. இத ஏரியில போட்டா பொடி மீனக்கூட விடாது."

"இவன் வேல செய்றான் செய்றான்னாங்க, மூஞ்சிக்கு வலை போட்டுக்கினு இருந்திருக்கான்."

என் தொழிலை என் ஊர்க்காரர்கள் புரிந்துகொண்டது அந்த ஒரு தரம்தான். அப்புறம் பொத்தானை அழுத்தினேன். வலை மறைந்து தோல் வந்தது, அதன்மேல் வெள்ளி நிறம் ஏற்றினேன். எல்லாரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். பூசாரி மட்டும் கிட்டே வந்து, கண்ணைச் சுருக்கி, எண்ணிப் பார்க்கிற மாதிரி பார்த்தார்.

"மூக்குத்தி ரெண்டு இருக்கே."

இருந்தது. எங்கள் அம்மனுக்கு வலது மூக்கில் மட்டும் ஒரு மூக்குத்தி, கல்லிலேயே கொத்தினது. நான் பாதி முகத்தைத் திருப்பிப் போட்டதில் இடது மூக்கிலும் ஒன்று ஏறிவிட்டது. இருபது வருஷமாகத் தினமும் கும்பிடுகிறவன், அதைக் கவனிக்கவில்லை.

"ரெண்டு இருந்தா இன்னா, நல்லாத்தான இருக்கு" என்றார் தலைவர்.

"ஒங்க வீட்டுப் பொம்பளைக்கு ரெண்டு போடு. ஆத்தாவுக்கு ஒண்ணுதான்" என்றார் பூசாரி.

பேட்டரி அஞ்சு பர்சென்ட் என்று காட்டியது. நான் அங்கேயே உட்கார்ந்து இடது மூக்குத்தியை அழித்தேன். மூக்குத்திக்காக வந்த கோடுகளெல்லாம் போக இடமில்லாமல் நின்றன. ஒவ்வொன்றையும் முறையாகப் பக்கத்து வரிசையில் சேர்த்துக் கொண்டுபோய் விட வேண்டும், அதற்கு ஒரு மணி நேரம் ஆகும். சுற்றி முப்பது பேர் நிற்கிறார்கள், லேப்டாப் சாகப்போகிறது. எல்லாக் கோட்டையும் இழுத்து இடது கன்னத்தில் ஒரு முடிச்சில் போட்டுக் கட்டி, சேவ் பண்ணினேன். ஆறு கோடு. பொத்தானை அழுத்தினேன்.

கூட்டத்துக்குப் பின்னால் மாமியார் நின்றிருந்தார். மார்க்கெட்டிலிருந்து நேராக வந்தவர், கூடையைக்கூட இறக்கவில்லை. அவர்தான் முதலில் பார்த்தார்.

"அய்யோ, ஆத்தா சிரிக்கறா!"

நான் பார்த்தேன். இடது கன்னத்தில் தோல் இழுத்துப் பிடித்து ஒரு சின்னக் குழி. வெள்ளிப் பளபளப்பில் அந்தக் குழியின் ஓரம் வெளிச்சம் வாங்கி, இறுக்கி மூடின உதட்டின் ஓரத்தைத் தூக்கிவிட்ட மாதிரி இருந்தது. எனக்குத் தெரிந்தது ஆறு கோடு. மற்ற முப்பது பேருக்கும் தெரிந்தது சிரிப்பு. பெண்கள் குலவை போட்டார்கள். ஆளாளுக்குத் திரையைப் போட்டோ எடுத்தார்கள். மாமியார் கூடையை இறக்கி வைத்து, மண்ணில் விழுந்து கும்பிட்டார். எழுந்து கண்ணைத் துடைத்துக்கொண்டு, "என்னையப் பாத்துத்தான் சிரிச்சா. என் கொலுசு போட்ட முகம்" என்றார். அந்த நேரம் பார்த்து லேப்டாப் அணைந்தது. அம்மன் மறைந்துவிட்டாள் என்று அதற்கும் ஒரு தரம் குலவை போட்டார்கள்.

சாயங்காலத்துக்குள் அந்தப் படம் சுண்ணாம்புக்குளம் வரை போய்விட்டது. என் மாமியார் அன்றைக்கு என்னை உட்கார வைத்து, தன் கையால் ரசம் ஊற்றினார்.

எனக்குத்தான் மனசு ஒப்பவில்லை. ஒரு சோபாவின் கைப்பிடிக்கே ஆறு கோடு ஆகாது என்று மூன்று தரம் திருப்பி அனுப்புகிறார்கள். அம்மன் கன்னத்துக்கு ஆகுமா? சோபாவுக்கு இருக்கிற மரியாதை சாமிக்கு இல்லையா? மறுநாள் காலையில் வலை தைக்கிறவர் ஒருவரிடம் பொதுவாகக் கேட்கிற மாதிரி கேட்டேன்: "ஒரு முடிச்சுல ஆறு நூல் வந்தா இன்னா ஆவும்ணே?" அவர் ஊசியை நிறுத்தாமலே சொன்னார்: "அங்கதான் பிய்யும். தெரிஞ்சி அப்படி முடிச்சி போட்டவன் வேலைக்காரன் இல்ல."

குளித்தேன். சூடம் ஏற்றினேன். ஆறு கோட்டையும் ஒவ்வொன்றாகப் பிரித்து, முறையான வரிசையில் கொண்டுபோய்ச் சேர்த்தேன். கன்னம் வெண்ணெய் மாதிரி வந்தது. அன்றைக்கு வெள்ளிக்கிழமையும் இல்லை. பழைய ஃபைல் கையில் இருந்தால் என்றைக்காவது சோம்பலில் அதையே அனுப்பிவிடுவேனோ என்று பயந்து, அதைத் துடைத்து அழித்தேன். பாவம் தொலைந்தது என்று கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

புது முகத்தைப் பார்த்ததும் கொட்டகையில் எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினார்கள்.

"சிரிப்பு எங்க?"

"அது சிரிப்பு இல்லணே. என் தப்பு. கோடு கூடிடுச்சி, அதனால பள்ளம் வுழுந்துச்சி. சரி பண்ணிட்டேன்" என்றேன்.

தலைவர் எழுந்து நின்றார். "ஆத்தா சிரிச்சத நீ தப்புன்ற. ஒன் வாய்க்கு இன்னா வேணும்னாலும் வருமா?"

"நெசமாத்தாண்ணே. மூக்குத்திய எடுத்தப்ப…"

"மூக்குத்திய எடுத்ததும் சிரிச்சா. அதத்தான் நாங்களும் சொல்றோம்!" என்றது ஒரு குரல். நடந்ததை அப்படியேதான் சொல்கிறார்கள்.

மாமியார் திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். அன்றைக்கு வீட்டில் நான் கேட்டதற்கு, "சிரிச்ச முகத்தைத் தொடச்சி உட்டுட்ட. இன்னாத்துக்கு? அவ இன்னா ஒன் கம்பெனி சோபாவா?" என்றார். நான் காலையில் நினைத்ததற்கு நேர் எதிரே வந்து நின்றது அதே சோபா.

மறுபடியும் பூ கட்டினார்கள். வெள்ளை வந்தால் சரி செய்த முகம், சிவப்பு வந்தால் சிரித்த முகம். சிவப்பு வந்தது. "பாத்தியா, ஆத்தாளே கேக்கறா. பழசைக் குடு" என்றார் பூசாரி.

பழசு ஏது? அழித்துவிட்டேனே. அதை மறைத்து, மூணு நாள் டைம் கொடுங்கள் என்றேன். மூணாம் நாள் ஃபைல் ஆசாரிக்குப் போகாவிட்டால் திருவிழாவுக்குக் கவசம் வராது.

தொழிலில் இத்தனை வருஷம் தப்பு வராமல் செய்யத்தான் கற்றுக்கொண்டேன். வேண்டுமென்று ஒரு தப்பு செய்வது எவ்வளவு கஷ்டம் என்று அந்த மூணு நாளில் தெரிந்தது. கன்னத்தில் ஒரு முடிச்சை உள்ளே அழுத்தினேன். மாமியாரைக் கூப்பிட்டுக் காட்டினேன். வந்து பின்னால் நின்று இடுப்பில் கை வைத்துப் பார்த்தார்.

"இது பல்வலி."

இன்னும் கொஞ்சம் மேலே வைத்தேன்.

"இது அம்ம வடு. ஊருக்கே அம்ம போடறவளுக்கு நீ அம்ம வாத்துட்டியா?"

உதட்டின் ஓரத்தையே நேராகத் தூக்கினேன். சிரிப்பு வந்தது, நன்றாகவே வந்தது. அவர் உடனே முகத்தைத் திருப்பிக்கொண்டார். "இது ஓட்டு கேட்டு வர்றவன் சிரிப்பு. எட்த்துடு."

ரெண்டாம் நாள் முழுக்க இப்படியே போனது. ஊர்க்காரர்கள் போனில் எடுத்த போட்டோ இருந்தது. அதை வைத்து அளந்தேன். குழி இருந்த இடம் தெரிந்தது, ஆழம் தெரிந்தது, அப்படியே போட்டேன். வரவில்லை. ஆறு கோடு கூடினால் தோல் எப்படிச் சுருங்கும் என்பது அந்த ஆறும் எங்கெங்கிருந்து வருகின்றன என்பதைப் பொறுத்தது. அது போட்டோவில் இல்லை. மூணாம் நாள் காலையில் மாமியார் மார்க்கெட் போகவில்லை. வாசப்படியில் உட்கார்ந்து வெறும் காலைத் தடவிக்கொண்டிருந்தார்.

என் மனைவிதான் சொன்னாள். "மாமா, அன்னிக்கு இன்னா இன்னா செஞ்சியோ அத்தையே செய்யேன். மொதல்லேர்ந்து."

இதற்குப் பத்தாவது கூடத் தேவையில்லை பாருங்கள். சரி செய்த முகத்தில் இடது பாதியை வெட்டி எறிந்தேன். வலது பாதியைத் திருப்பிப் போட்டேன். ரெண்டு மூக்குத்தி வந்தது. இடது மூக்குத்தியை அழித்தேன். கோடுகள் போக இடமில்லாமல் நின்றன. அங்கே வந்ததும் என் கை தானாக முறைப்படி ஒவ்வொன்றையும் வரிசையில் சேர்க்கத் தொடங்கியது. பொறுமையாக உட்கார்ந்தால் என் கைக்குத் தப்பு செய்யத் தெரியவில்லை.

"சார்ஜரைப் புடுங்கு" என்றேன் மனைவியிடம்.

"இன்னாத்துக்கு?"

"புடுங்குடி. பேட்டரி எறங்கட்டும்."

புது லேப்டாப்பாக இருந்தால் நாலு மணி நேரம் ஆகியிருக்கும். என்னுடையது நாற்பது நிமிஷத்தில் அஞ்சு பர்சென்டுக்கு வந்தது. அந்த நாற்பது நிமிஷமும் நாங்கள் மூணு பேரும் லேப்டாப்பைச் சுற்றி உட்கார்ந்து, அது எப்போது சாகும் என்று பார்த்துக்கொண்டிருந்தோம். அஞ்சு வந்ததும் என் மனைவி பின்னாலிருந்து கத்தினாள்: "சீக்கிரம் மாமா! பூசாரி பாக்கறாரு! எல்லாரும் பாக்கறாங்க!" அவளுக்கு விளையாட்டு. எனக்கு நிஜமாகவே முப்பது பேரும் பின்னால் நிற்கிற மாதிரி இருந்தது. எல்லாக் கோட்டையும் இழுத்து ஒரு முடிச்சில் போட்டேன். எண்ணவில்லை. பொத்தானை அழுத்தினேன்.

மாமியார் குனிந்து பார்த்தார். அப்புறம் திரைக்கு முன்னால் கையைக் கொண்டுபோய், தொடாமல், கன்னத்தை வழித்து நெட்டி முறித்தார். "வந்துட்டா" என்றார். அவ்வளவுதான். சார்ஜரைச் செருகுவதற்குள் அணைந்துவிடுமோ என்று சேவ் பொத்தானை எத்தனை தரம் அடித்தேன் என்று தெரியாது. ஃபைல் போய்ச் சேர்ந்தது. அன்றைக்கு மத்தியானம் வீட்டில் இறால் வறுவல். விரதம் முடிந்ததா என்று பூசாரியைக் கேட்டுக்கொண்டுதான் சாப்பிட்டேன்.

திருவிழாவுக்கு ரெண்டு நாள் முன்னால் ஆசாரி எனக்குப் போன் பண்ணினார். நல்ல மனுஷர். என் வேலையைப் பாராட்டினார். கல் முகத்தோடு அளவு அப்படியே பொருந்துகிறது, உள்ளே ஒரு தாள் நுழையவும் இடம் இல்லை என்றார்.

"ஒண்ணு மட்டும்தான் தம்பி. அச்சுல இடது கன்னத்துல ஒரு சொட்டை வுழுந்திருந்துச்சி. பிரிண்ட் எடுக்கும்போது அப்படி ஆவறதுதான். நீங்க கவலப்படாதீங்க. மெழுகு வெச்சி அடச்சி, தகட்டையும் தட்டி, பாலீஷ் போட்டு சுத்தமா எடுத்துட்டேன். வலது கன்னம் எப்படியோ அப்படியே இடது. சாமி வேலை பாருங்க, நாங்க கொறையோட வுடமாட்டோம்."

நான் சூடம் ஏற்றிச் செய்த அதே வேலையை அவரும் செய்திருக்கிறார். அதே காரணத்துக்குத்தான் செய்திருக்கிறார். "ரொம்ப நன்றிங்கய்யா" என்றேன்.

மனைவியிடம் மட்டும் சொன்னேன். அவள் ஒரு கையால் என் வாயைப் பொத்தினாள். "மூச்சு உடாத. எங்கம்மாவுக்குத் தெரிஞ்சா செத்துடும்."

திருவிழா அன்றைக்குக் காலையில் அபிஷேகம் முடிந்து, திரையைப் போட்டு, உள்ளே கவசம் சாத்தினார்கள். வெளியே ஊர் முழுக்க நின்றது. அக்கரை ஊர்க்காரர்களும் படகில் வந்திருந்தார்கள், குறை கண்டுபிடிக்க. பம்பை முழங்கியது. மாமியார் எனக்கு முன்னால் நின்றிருந்தார். திரை விலகினதும் முதலில் அவர் என்ன சொல்லப்போகிறார் என்பதைத் தவிர எனக்கு வேறு நினைப்பில்லை. அம்மா தாயே, என்னைத் திட்டினாலும் பரவாயில்லை, அந்தப் பொம்பளையை மறுபடியும் அழவிடாதே என்று வேண்டிக்கொண்டேன்.

திரை விலகியது. பூசாரி சூடத்தை முகத்துக்கு நேரே தூக்கிக் காட்டினார். வெள்ளி பளபளவென்று, மாசு மறுவில்லாமல், ரெண்டு கன்னமும் ஒன்று போல. உதடு இறுக்கி மூடியிருந்தது. நான் செய்ய நினைத்த முகம் அதுதான், தப்பே இல்லாத முகம்.

"சிரிக்கறா!" என்றார் மாமியார்.

"சிரிக்கறா, சிரிக்கறா!" என்று கூட்டம் பின்னாலேயே சொன்னது. குலவை கிளம்பியது. அக்கரை ஆள் ஒருத்தன் பக்கத்தில் இருந்தவனிடம், "ஆமாண்டா, இடது பக்கம் பாரு, கன்னத்துல குழி வுழுது பாரு" என்று காட்டினான். நானும் அவன் விரல் போன பக்கம் பார்த்தேன். மாமியார் திரும்பி, ஈரக் கண்ணோடு என் தாடையைப் பிடித்து, "ஒன் கை நல்லா இருக்கணும் மாப்ள" என்றார். கல்யாணமாகிப் பதினோரு வருஷத்தில் அவர் என் கையைப் பற்றிச் சொன்ன முதல் நல்ல வார்த்தை. அதுவும் அங்கே இல்லாத ஒரு குழிக்காக.

நான் கொஞ்சம் இடது பக்கம் நகர்ந்து பார்த்தேன். வலது பக்கம் வந்து பார்த்தேன். சூடம் அணைவதற்குள் குனிந்து கீழே இருந்து பார்த்தேன். வெளிச்சம் எங்கே விழுகிறது, எங்கே மடங்குகிறது என்று பார்த்துப் பழகின கண். வழுவழுவென்று ரெண்டு கன்னம், அவ்வளவுதான். அங்கே நின்ற அத்தனை பேரிலும் அவள் சிரிப்பு தெரியாதவன் நான் ஒருத்தன்தான்.

பூசாரி தட்டோடு என் முன்னால் வந்து நின்றார்.

"இன்னாபா, கும்புட வந்தியா, அளவு எடுக்க வந்தியா?"

கும்பிடத்தான் என்றேன். கண்ணை மூடிக்கொண்டு கும்பிட்டேன்.